"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு த்ரெட்

1/
தீபாவளி ராத்திரி எங்க தெருவுல ஆயிரம்வாலா கொளுத்துனாங்க. என் ஒன்றரை வயசுப் பையன் வீல்னு கத்தி என் கழுத்தைக் கட்டிக்கிட்டான். எங்கம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "பாத்தியாடா, காது எவ்வளவு நல்லா கேக்குது! ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். நீயே மூணு வயசுலதான் வாயத் தொறந்த."

நானும் தலையாட்டினேன். நான் ஒரு டாக்டர். அந்தத் தலையாட்டலுக்கு எதிராத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்டுல மூணு வயசுக்குள்ள குழந்தை இருந்தா முழுசா படிச்சிடுங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன். "லேட்டாத்தான் பேசும்" என்பது ஒரு ஆறுதல், நோயறிதல் இல்லை. காதைப் பரிசோதிச்சு, குழந்தையோட ஒருத்தர் உட்கார்ந்து விளையாடிப் பார்த்த பிறகு சொன்னா அது மருத்துவக் கருத்து. அதுக்கு முன்னாடி அப்பத்தா சொன்னாலும் சரி, எம்.டி. படிச்ச டாக்டர் சொன்னாலும் சரி, அது வெறும் ஜோசியம்.

3/
திண்டுக்கல்லில் புரட்டாசி பிறந்தா கார்த்திகை வரைக்கும் யாரும் வீட்டுல இருக்கிறதில்லை. நாங்களும் அப்படித்தான். புரட்டாசி சனிக்கிழமை தாடிக்கொம்பு பெருமாள் கோயில், சரஸ்வதி பூஜைக்கு மாமியார் வீடு, தீபாவளி ஜவுளி, மழை விட்டதும் சிறுமலை. போன் நிறைய போட்டோ. முதல் வேட்டி, முதல் கம்பி மத்தாப்பு, எல்லாத்துக்கும் ஸ்டேட்டஸ் வெச்சோம். அவனோட வார்த்தைகளை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கலை. எண்ணியிருந்தா ரெண்டுதான்: "ம்மா", "தா".

4/
சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. அவன் அழக்கூடாதுன்னு கையில போனைக் கொடுத்தாச்சு. ஒரு வளைவுல குரங்குக் கூட்டம். என் மனைவி போனைப் பிடுங்கி வெச்சுட்டு, "குரங்கு பாரு, குரங்கு பாரு"ன்னா. அவன் திரும்பலை. கை நீட்டிக் காட்டினதும் பட்டுனு திரும்பினான்.

கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டுக் கேட்டா: "ஏங்க, இவன் நாம சொல்றதைக் கேட்டுத் திரும்புறானா, இல்ல நம்ம கையைப் பாத்துத் திரும்புறானா?"

எம்.பி.பி.எஸ். படிச்சவன் நான். அந்தக் கேள்வியைக் கேட்டது அவ.

5/
சுருக்கமா முடிவைச் சொல்றேன். மழைக்காலச் சளி மாறி மாறி வந்ததுல ரெண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருந்தது. வலி கிடையாது, சீழ் கிடையாது, காய்ச்சல் கிடையாது. காதுக்குள்ள தண்ணி போயிட்டா நமக்கு எப்படிக் கேக்கும்? அவனுக்கு உலகமே அப்படித்தான் கேட்டுட்டு இருந்திருக்கு. எத்தனை மாசமான்னு எங்களுக்குத் தெரியாது. பிறந்தப்போ காது டெஸ்ட்ல "பாஸ்". அந்த பாஸ் அன்னைக்கு மட்டும்தான் செல்லும்.

6/
இப்ப அந்த வெடிக்கு வருவோம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். பட்டாசு 120-ஐயும் தாண்டும். வெடிக்குப் பயந்து அழறது காது கேக்குதுங்கிறதுக்கு அத்தாட்சி இல்லை. தட்டைத் தட்டிப் பார்க்கிறது, பின்னாடி நின்னு கை தட்டுறது, யூடியூப் விளம்பரப் பாட்டுக்கு ஓடி வர்றது, எதுவுமே டெஸ்ட் இல்லை. "ச", "ஸ", "ஃப" மாதிரி மெல்லிய ஒலிகள் விழாத குழந்தைகூட கதவு சாத்துற சத்தத்துக்குத் திரும்பும்.

7/
வீட்டிலேயே செய்ய ஒரு சின்ன விஷயம். ஒன்றரை வயசுக் குழந்தைகிட்ட, கையைக் காட்டாம, கண்ணால ஜாடை பண்ணாம, "பந்தை எடுத்துட்டு வா"ன்னு சொல்லுங்க. நீங்க செருப்பு மாட்டுறதைப் பார்த்து அது தன் செருப்பை எடுத்துட்டு வந்தா கணக்கில்லை. அது புத்திசாலித்தனம். நமக்குத் தெரிய வேண்டியது வார்த்தை உள்ள போகுதான்னு.

இது எச்சரிக்கை மணி மட்டும்தான். செஞ்சுட்டான்னு நிம்மதியா உட்கார்ந்துடாதீங்க, பேச்சு பின்தங்கினா டெஸ்ட் வேணும்.

8/
எது பின்தங்கல்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்திய பட்டியல் இருக்கு. 100-க்கு 75 குழந்தையாவது செய்யுறதைத்தான் அதுல வெச்சிருக்காங்க.

15 மாசம்: அம்மா, அப்பா தவிர ஒன்றிரண்டு வார்த்தை முயற்சி.
18 மாசம்: அம்மா, அப்பா தவிர 3 வார்த்தை. சுவாரசியமான ஒண்ணை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுறது.
2 வயசு: ரெண்டு வார்த்தை சேர்த்து. "பால் வேணும்", "தாத்தா போச்சு".
2½ வயசு: சுமார் 50 வார்த்தை.

இதுல ஆம்பளப் புள்ளைக்குத் தனிப் பட்டியல் கிடையாது.

9/
பொண்ணுங்க சராசரியா கொஞ்சம் முன்னாடி பேசுறது உண்மைதான். அந்த வித்தியாசம் ஒண்ணு ரெண்டு மாசக் கணக்கு. அதை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு எந்தப் புத்தகத்திலும் அனுமதி இல்லை.

10/
இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? 13 மாசத்துல நடக்கலைன்னா பதறி அடிச்சு கிளினிக் வர்றாங்க. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொன்ன கணக்குப்படி, தனியா நடக்கிறது 8 மாசத்துல இருந்து 17½ மாசம் வரைக்கும் இயல்பு. அதுக்குள்ள வாக்கர் வாங்கி உருட்ட விட்டுடறாங்க. கனடாவில் 2004-லேயே தடை பண்ணின சாமான் அது.

அதே வீட்டுல 2 வயசுல பேசலைன்னா சிரிக்கிறாங்க. நடைக்கு அவசரம், பேச்சுக்குப் பொறுமை. ரெண்டுமே தலைகீழ்.

11/
இனி வழக்கமான வாதங்களுக்கு வரேன். "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு."

குடும்பத்துல லேட்டா பேசின வரலாறு இருந்தா அது கூடுதல் கவனத்துக்குக் காரணம். அப்பாவுக்குச் சுகர்னா பையனுக்கு டெஸ்ட் வேணாம்னா சொல்றோம்? அப்புறம், அந்த அப்பா பள்ளிக்கூடத்துல எவ்வளவு கஷ்டப்பட்டாருன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

12/
"குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசலையே."

கந்த சஷ்டி சமயத்துல கிளினிக்ல தவறாம கேக்குறேன். சரி, அந்தக் கதையையே எடுத்துப்போம். பிள்ளை பேசலைன்னதும் பெத்தவங்க "தானா வரும்"னு திண்ணையில உட்கார்ந்திருந்தாங்களா? தூக்கிக்கிட்டுத் திருச்செந்தூர் போனாங்க, முருகன் சந்நிதியில கிடந்தாங்க. அவங்க காலத்துல தெரிஞ்ச பெரிய இடத்துக்கு உடனே போனாங்க. நீங்களும் பழனிக்குப் போங்க, தப்பே இல்லை. காது டெஸ்டுக்கும் போங்க.

13/
"வசம்பு தேய்ச்சா சரியாயிடும்." "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டி விட்டா பேசிடுவான்."

வசம்பால பேச்சு வராது. வாந்தி வரும், புரை ஏறும். நாக்கு ஒட்டியிருந்தா சில எழுத்து உச்சரிப்பு கெடலாம், பால் குடிக்கச் சிரமப்படலாம். பேச்சே வராம இருக்கிறதுக்கு அது காரணம் இல்லை. மொழி உருவாகிறது மூளையில, அங்க போற பாதை காது.

14/
"வீட்டுல ரெண்டு பாஷை, அதான் குழம்பிட்டான்."

நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள சௌராஷ்டிரமோ உருதுவோ தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவுல தமிழ் பேசி வளர்ந்தவங்க எத்தனை ஆயிரம் பேர்! யாரு ஊமையானாங்க? ரெண்டு பாஷை பேச்சைத் தாமதமாக்காது. ரெண்டுலயும் தெரிஞ்ச வார்த்தைகளைக் கூட்டி எண்ணுங்க. தயவுசெஞ்சு தாய்மொழியை நிறுத்தாதீங்க.

15/
"எ ஃபார் ஆப்பிள்ல இருந்து இசட் வரைக்கும் சொல்றான் டாக்டர், தண்ணி மட்டும் கேக்க மாட்டேங்குறான்."

இதைப் பெருமையா சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்குது. ஒப்பிக்கிறது பேச்சு இல்லை. தாகம் எடுத்தா உங்க முகத்தைப் பார்த்து "தண்ணி"ங்கிறதுதான் பேச்சு.

16/
போன்தான் காரணமா? நேர்மையா சொல்லணும். போன் பார்த்ததால காது கெடாது. போனாலதான் ஆட்டிசம் வருதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போன் செய்யுறது வேற. நீங்க பேசியிருக்க வேண்டிய நேரத்தைத் திருடுது.

ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில் வீட்டுச் சத்தத்தைப் பதிவு பண்ணிப் பார்த்த ஆய்வு 2024-ல் வந்தது. 3 வயசுல திரை ஓடுற ஒவ்வொரு கூடுதல் நிமிஷத்துக்கும் குழந்தை காதுல விழுற பெரியவங்க வார்த்தை 6 முதல் 7 குறையுது. குழந்தை எழுப்புற குரல் சுமார் 5 குறையுது. ஒரு நிமிஷத்துக்கு! சிறுமலை ஏறி இறங்குற நேரத்துக்கு நீங்களே கணக்குப் போடுங்க.

17/
அதோட, போன் இன்னொரு வேலையும் பண்ணும். குறையை மறைச்சுடும். "கூப்பிட்டா திரும்பல, போன்ல மூழ்கிட்டான்"னு நாங்களே எத்தனை தடவை சொல்லியிருப்போம்! அவன் மூழ்கல. அவனுக்குக் கேக்கல.

2 வயசுக்குள்ள திரை வேண்டாம், 2-5 வயசுல அதிகபட்சம் 1 மணி நேரம்னு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது. வெளிநாட்டுல இருக்கிற சித்தப்பாகூட எப்பவாவது வீடியோ கால் பேசுறதுக்கு விலக்கு உண்டு.

18/
"அம்மா வேலைக்குப் போறா, பேச்சுக் கொடுக்க ஆளில்லை, அதான்."

இந்தப் பழியைப் போடுற நாத்தனார், மாமியார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. காது கேக்காததும் ஆட்டிசமும் அம்மா வேலைக்குப் போறதால வர்றதில்லை. மருமகளைக் குத்தம் சொல்ற நேரத்துல பேரனை மடியில வெச்சு வாசல்ல போற பூக்காரியைக் காட்டிப் பேசுங்க. அது உதவும்.

19/
இப்ப என் சக டாக்டர்களுக்கு. "3 வயசு வரைக்கும் பாப்போம்"னு ஓ.பி. கூட்டத்துல ஒரு நிமிஷத்துல சொல்லி அனுப்புறோமே, அது நியாயமா?

பிறவியிலேயே காது கேக்காத குழந்தையை 1 மாசத்துல ஸ்கிரீன் பண்ணி, 3 மாசத்துல உறுதி பண்ணி, 6 மாசத்துல சிகிச்சை தொடங்கணும் என்பது உலகம் முழுக்க வெச்சிருக்கிற இலக்கு. நாம 36 மாசம் வரைக்கும் "பாப்போம்"னா என்ன அர்த்தம்? மொழிக்காக மூளை திறந்து வெச்சிருக்கிற காலத்தை நாமளே பூட்டுறோம். பூட்டுக்குப் பேர் போன ஊர்தான், ஆனா அதை இதுல காட்ட வேண்டாம்.

20/
"எத்தனையோ குழந்தைங்க தானா பேசிடுதே?" ஆமா. லேட்டா பேசுற குழந்தைங்கள்ல நிறைய பேர் பின்னாடி மத்தவங்களை எட்டிப் பிடிச்சிடறாங்க. மறுக்கலை. ஆனா எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காதுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. டெஸ்டுக்கு ஒண்ணு ரெண்டு நாள் அலைச்சல் ஆகும். தப்புக் கணக்குக்கு ஒரு பிள்ளையோட பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஆகும்.

21/
என் பையனுக்கு காது-மூக்கு-தொண்டை டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "3 மாசம் பொறுத்துப் பாப்போம்."

நீங்க சிரிக்கலாம். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. இந்த நீர் நிறைய குழந்தைங்களுக்குத் தானா வத்திடும், வத்தலைன்னா சின்ன ஆபரேஷன் உண்டு. என்ன இருக்குன்னு தெரிஞ்சு, தேதி குறிச்சு, நடுவுல முகம் பார்த்துக் கிட்ட உட்கார்ந்து பேசிக்கிட்டே காத்திருக்கிறது வைத்தியம். எதுவுமே தெரியாம காத்திருக்கிறது அசட்டை. பல மாசம் நான் செஞ்சது ரெண்டாவது.

22/
எங்க போறது? காசு இல்லைன்னு தயங்க வேண்டாம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் இருந்து நடக்குது. அங்கன்வாடிக்கு வருஷம் 2 தடவை மருத்துவக் குழு வரணும், வளர்ச்சித் தாமதமும் அவங்க பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கு. அவங்க மேல அனுப்புற இடம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில "டி.இ.ஐ.சி."ன்னு விசாரிங்க. 6 வயசுக்குள்ள காக்ளியர் இம்ப்ளான்ட் முதலமைச்சர் காப்பீட்டிலேயே வருது.

23/
இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் நல்ல நாள் பார்க்காதீங்க, இந்த வாரமே போங்க:

ஏற்கனவே பேசின வார்த்தைகள் எந்த வயசுலயும் நின்னு போறது.
18 மாசத்துலயும் விரல் நீட்டிக் காட்டாம, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முகம் பார்க்காம இருக்கிறது.
2 வயசாகியும் ரெண்டு வார்த்தை சேராம இருக்கிறது.

24/
ஊர் சுத்துறதை நிறுத்தச் சொல்லலை. ஊர் சுத்துறது மாதிரி பேச்சுப் பயிற்சி வேற இல்லை. பூ மார்க்கெட்டுல மல்லியை மோந்து பார்க்க விடுங்க, மலைக்கோட்டைப் படியை எண்ணிக்கிட்டே ஏறுங்க, பஸ் ஜன்னல்ல மாட்டைக் காட்டி அது என்ன சொல்லுதுன்னு காத்திருங்க. ஒரே நிபந்தனை. போன் பையில இருக்கட்டும்.

25/
திருக்கார்த்திகைக்கு எங்க வாசல்ல விளக்கு வெச்சப்போ ஒரு போட்டோகூட எடுக்கலை. அவன் உயரத்துக்குத் தரையில உட்கார்ந்து, முகத்துக்கு நேரா "விளக்கு"ன்னு ஒவ்வொண்ணுக்கும் சொன்னேன். அவன் இன்னும் சொல்லலை. மார்கழிக் கடைசியில மறு டெஸ்ட். எங்கம்மா இப்ப எதுவும் சொல்றதில்லை, பேரன் காதுகிட்ட குனிஞ்சு பேசுறாங்க.

26/
அடுத்த தடவை கல்யாண வீட்டுலயோ கோயில் வரிசையிலயோ யாராவது "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு சொன்னா, சண்டை போடாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"காது டெஸ்ட் பண்ணியாச்சா?"