கிற்றாரும் மரக்குற்றமும்

கம்பிக் கிற்றார் வாங்க விரும்பிய மாணவன் ஒருவன், "ஐயா, எதனைத் தெரிவது?" என்று என்னை வினவினான். இலக்கண ஆசிரியனிடம் இஃதென்ன வினா என்று அன்பர் சிலர் நகைக்கலாம். சிந்தாமணி கற்றோர் நகையார். காந்தருவதத்தையோடு இசைப்போர் புரியச் சென்ற சீவகன், முன்வைத்த யாழ்களை எடுத்தவுடன் மீட்டினானல்லன். நீரில் நின்ற மரம், வாட்புண் பட்ட மரம், இடியுண்ட மரம் எனக் குற்றங்கண்டு விலக்கினான்.

கிற்றாருக்கும் மரமே முதல். அதன் ஓசைக்கு மேற்பலகையே உயிர். அது ஸ்புறூஸ் போன்ற முழுமரமாயின் நன்கு அதிரும். ஒட்டுப்பலகையாயின் அதிர்வு குன்றும். வணிகர் சொல்லை நம்பவேண்டா. ஒலித்துளையின் விளிம்பை நோக்குக. மேலேயுள்ள மரவரி விளிம்பிலும் தொடர்ந்து இறங்கின் முழுமரம். அடுக்கடுக்காய்த் தோன்றின் ஒட்டு.

ஆறு உருக்குக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ பாரத்தின் விசையோடு இழுப்பன. ஆதலின் கழுத்து வளைந்துளதா, குதிரையின் பின்னே பலகை பெரிதும் புடைத்துளதா என்றும் பார்த்தல் வேண்டும். 12ஆம் மெட்டிற் கம்பி மிக உயர்ந்து நிற்குமாயின் விரல் நோகும்; பயிலத் தொடங்கியவன் ஒரு திங்களிற் கருவியைச் சுவரில் மாட்டிவிடுவான்.

என் மாணவன் மயங்கியதோ கருமெருகு பளபளத்த ஒன்றில். பணமோ, அவன் தாய் சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. மெருகுக்கு விலை கொடுப்பதை என் மனம் ஒப்பவில்லை, கடுமையாகவே சொல்லியனுப்பினேன்.

நேற்று வந்தான். "துளையைப் பார்த்தேன், ஐயா. மூன்று அடுக்கு" என்றான்.