தோன்றா எழுவாய்

மதினி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். கூடத்தில் அவருடைய தம்பி இருந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் இருந்தான், பத்தாம் வகுப்பு மகள் இருந்தாள். சோபாவில் நாய் படுத்திருந்தது, சன்னல் திண்டில் பூனை. இத்தனை பேரையும் தாண்டி, அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்த என்னிடம்தான் அவர் கேட்டார்: "என்னம்மா, வீட்டுல இப்படி வீச்சம் அடிக்குது?"

நாயைக் கொண்டுவந்தது அவருடைய தம்பி. பூனையைக் கொண்டுவந்தது என் மகள். வீச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் நான். "மழைக்காலம்ல மதினி, அதான்" என்று அசட்டுச் சிரிப்போடு நானும் பதில் சொன்னேன். பெண்ணியக் கட்டுரைகள் எழுதுகிற நான், வகுப்பில் மாணவிகளுக்குச் சமத்துவம் பேசுகிற நான், யாரும் கேட்காமலே குற்றத்தை ஏற்றுக்கொண்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரவில் தொடங்கியது.

2020 ஊரடங்கின்போது என் இணையர் ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தார். மழையில் நனைந்து தெருமுனையில் கிடந்ததாம். நல்ல மனது. அடுத்த வருடம் மகள் பள்ளிப்பைக்குள் வைத்து ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். அவளுக்கும் நல்ல மனது. இரண்டையும் எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் 'இந்தம்மாவுக்கு வாயில்லா ஜீவன்களைப் பிடிக்காது' என்று ஒரே வரியில் என்னை ஒதுக்கிவிடுவீர்கள்.

பெயர் வைத்தது மகள். படம் எடுத்துப் போடுவது மகன். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது இணையர். தெருவில் நான்கு பேர் நின்று "சாருக்கு என்ன பிரியம் பாருங்க" என்பார்கள். கட்டிலடியில் பூனை மூத்திரம் போனால் மட்டும் மூன்று அறைகளிலிருந்தும் ஒரே குரல் வரும்: "அம்மா, பூனை போயிருச்சு!" அது தகவல் சொல்லும் குரல் அல்ல. வேலைக்குக் கூப்பிடும் குரல்.

கணவர் என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. இணையர் என்றுதான் எழுதுவேன். பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, காகிதத்தில் மட்டும்தான் இணை. தரையில் முழங்காலிட்டுத் துடைக்கும்போது நான் தனியாகத்தான் இருந்தேன்.

இந்த ஐந்தாறு வருடங்களில் எனக்கு மூத்திரத்தில் ஒரு பட்டமே கொடுக்கலாம். கற்றதை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும்.

மூத்திரம் பட்டவுடன் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பரவும். பழைய துணியோ செய்தித்தாளோ வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமில உப்புகள் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் துடைத்து முடித்த இடம் மழைக்கால ஈரத்தில் மறுபடியும் வீசுகிறது. ஆண் பூனையின் மூத்திரத்தில் ஃபெலினைன் என்ற அமினோ அமிலம் அதிகம். அது சிதையச் சிதையக் கந்தகச் சேர்மங்கள் வெளிவரும், நாள் ஆக ஆக நாற்றம் கூடும். கருத்தடை செய்துவிட்டால் நாற்றமும் குறையும், சுவரில் பீய்ச்சுகிற பழக்கமும் பெரும்பாலும் குறையும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட் மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அங்கே வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றலாம். காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவிக் கூட்டி எடுக்கலாம். அதற்கும் அசையாத நாற்றத்துக்கு என்சைம் திரவம் கிடைக்கிறது. தெளித்த உடனே துடைத்துவிடாமல் ஈரமாகவே சற்று நேரம் விட வேண்டும். மெத்தையை நல்ல வெயிலில் போட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டக் கூடாது. அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் வாயு வரும், கண்ணும் நெஞ்சும் எரியும். கறுப்பு ஃபினாயிலும் கூடாது. ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் விஷம். சாம்பிராணியும் ஊதுபத்தியும் நாற்றத்தை மறைக்கும், நீக்காது. நாயைக் குளிப்பாட்டிய பிறகும் வீசினால் காதில் புண் இருக்கிறதா, பல்லில் சீழ் இருக்கிறதா, மலவாய்ச் சுரப்பி அடைத்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனையின் மணல் தட்டைத் தினமும் அள்ள வேண்டும்.

இப்போது மேலே உள்ள இரண்டு பத்திகளையும் திரும்பப் படியுங்கள். ஒற்ற வேண்டும், கழுவ வேண்டும், ஊற்றலாம், தூவலாம், அள்ள வேண்டும். யார்? நான் தமிழ் கற்பிப்பவள். எழுவாய் வெளியே தெரியாமல், புரிந்துகொள்ளும்படி மறைந்திருந்தால் அதைத் 'தோன்றா எழுவாய்' என்று சொல்லிக்கொடுப்போம். 'நாளை வா' என்றால் 'நீ' என்பது சொல்லாமலே விளங்கும். வீட்டுக்குறிப்புகளில், திரவப் பாட்டிலின் முதுகில், மருத்துவரின் அறிவுரையில் எல்லாம் எழுவாய் தோன்றுவதே இல்லை. தோன்றாவிட்டாலும் யாரென்று எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. குறிப்பை எழுதுகிற நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நாற்றத்தைப் போக்குவது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லித்தருகிறார்கள். போக்குவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மேலே சொன்ன வேலைகளில் எதற்குக் கருப்பை தேவைப்படுகிறது?

"எனக்கு ஒண்ணும் வீசலையே" என்பார் இணையர். ஒரே நாற்றத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும், உண்மைதான். ஆனால் அவரும் வேலைக்குப் போய்த்தான் வருகிறார், நானும் போய்த்தான் வருகிறேன். வெளியிலிருந்து வருகிற மூக்கில் அது முதலில் ஏற வேண்டும். எனக்கு ஏறுகிறது, ஏனென்றால் விருந்தாளி யாரைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். விசாரணைக்குப் போக வேண்டியவளின் மூக்கு தூங்காது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டார்கள். ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். அப்படி ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். வளர்ப்புப் பிராணிகளைக் கவனிப்பதும் அந்த வீட்டு வேலைக் கணக்குக்குள்தான் வருகிறது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. சில வருடங்களாக அதில் கொஞ்ச நேரத்தை நான் கட்டிலடியில் கழித்திருக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி கருவுற்றாள். வீட்டில் பூனை இருந்தது. பூனை மலத்தில் ஒரு ஒட்டுண்ணி இருக்கலாம், கருவைப் பாதிக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். சரியான எச்சரிக்கைதான். டாக்ஸோபிளாஸ்மா என்று அதற்குப் பெயர். ஆனால் மலத்தோடு வெளியே வந்த ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வரவே குறைந்தது ஒரு நாளாவது ஆகும். கருவுற்றவள் தொடாமல், வேறொருவர் தினமும் தட்டைச் சுத்தம் செய்தால் போதும், பூனையை விரட்டத் தேவையில்லை. அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத காய்கறியில் ஒட்டிய மண்ணும்கூட இதே ஒட்டுண்ணியைத் தரும். அவற்றை யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. அந்த வீட்டில் வேலைக்குப் போகும் கணவர், ஓய்வுபெற்ற மாமனார், படிப்பு முடிந்து சும்மா இருந்த கொழுந்தன் என்று மூன்று ஆண்கள். 'வேறொருவர்' என்ற சொல் அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். தினமும் ஐந்து நிமிடம் ஒரு ஆண் குனிவதைவிட, நான்கு வருடம் வளர்த்த உயிரைச் சாக்கில் கட்டுவது அந்தக் குடும்பத்துக்கு எளிதாக இருந்தது. தோழி பிரசவத்துக்கு அழுததைவிட அன்றைக்கு அதிகம் அழுதாள்.

என் கதையிலும் நான் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, வீடு துடைக்க ஒரு அக்கா வருகிறார். மதினி வந்துபோன வாரம், மாதம் ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன், பூனைத் தட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாத்திரம் வெளக்குறேன், தரை தொடைக்குறேன் டீச்சர். பீ அள்ள மாட்டேன். எங்கம்மா அள்ளுனதோட அது போகட்டும்." சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மலம் அள்ள மனிதரை அமர்த்துவதை 1993இலும் மறுபடி 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. அந்தச் சட்டங்கள் பேசுவது மனித மலத்தைப் பற்றித்தான், பூனைத் தட்டைப் பற்றி அல்ல. ஆனால் எனக்கு அருவருப்பானதை, பணம் கொடுத்து இன்னொரு பெண்ணின் கைக்கு மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியதே, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் ஆணிடம் கேட்கத் துணிவில்லாதபோது, வீட்டுக்கு வெளியே நமக்குக் கீழே என்று சமூகம் சொல்லிவைத்த பெண்ணிடம் கேட்கிறோம். அதை விடுதலை என்று சொன்னால் பொய். அந்த அக்கா மாட்டேன் என்றார். அவருக்குப் போன மாதச் சம்பளத்தில் மிச்சமில்லை, இன்னும் இரண்டு வீட்டு வேலை கையில் இருந்தது, ஆனாலும் சொன்னார். மாதச் சம்பளமும் எழுத்தும் மேடையும் உள்ள நான் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று மாலை சொன்னேன். சத்தம் போடவில்லை. "இனிமே இது என் வேலை மட்டும் இல்ல" என்றேன். உடனே பதில் வந்தது: "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, எங்கயாவது கொண்டுபோய் விட்டுரலாம்." தோழிகளே, இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். இதில் பிராணி பணயக்கைதி. நீ துடைக்காவிட்டால் அதற்கு வீடில்லை, அந்தப் பாவமும் உன் தலையில்தான். குழந்தையை வைத்து, வயதான மாமியாரை வைத்து நம்மை மடக்குகிற அதே கணக்கு. மகள் அழ ஆரம்பித்தாள், மகன் என்னை முறைத்தான். இரண்டு நிமிடத்தில் நான் கொடுமைக்காரியாகிவிட்டேன். ஆனாலும் பின்வாங்கவில்லை. "விட வேண்டாம். துடைங்க" என்றேன்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன். இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் வைத்து எழுதினேன். திங்கள், வியாழன் அப்பா தட்டை அள்ளுவார். செவ்வாய், வெள்ளி அண்ணன் அள்ளுவான். மற்ற நாட்களைப் பெயர் போட்டு எனக்கும் மகளுக்கும் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை நாயை அண்ணன் குளிப்பாட்டுவான். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவரே துடைப்பார், கூப்பிடமாட்டார்.

எளிதாக நடக்கவில்லை. முதல் மாதம் "துணி எங்க இருக்கு?", "எந்த பாட்டில்?", "எவ்வளவு ஊத்தணும்?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் துடைத்தார்கள். கை அவர்களுடையது, மூளை என்னுடையது. அதுவும் வேலைதான் என்று புரியவைக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. மகன் ஒருமுறை அவசரத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி இருமிக்கொண்டே ஓடிவந்தான். நான் ஓடிப்போய்க் கழுவவில்லை. சன்னலைத் திறந்துவிட்டு, ஏன் கொட்டக் கூடாது என்று சொன்னேன். காற்று போன பிறகு அவனே கழுவினான். சில நாள் வீடு வீசியது. வீசட்டும் என்று இருக்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்குக் கடினம். என் அம்மாவிடமிருந்து வந்த பதற்றம் அது, கை தானாகத் துணியைத் தேடும்.

பொங்கலுக்கு மதினி வந்தார். முந்தின நாள் இரவு பூனை எங்கேயோ போயிருந்தது போலும், லேசாக வீச்சம் இருந்தது. மூக்கைச் சுளித்து, பழக்கப்படி என்னைப் பார்த்தார். நான் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு வியாழக்கிழமை. உங்க தம்பியக் கேளுங்க மதினி" என்றேன். அவர் தம்பியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. என் பக்கம் திரும்பியபோதுதான் கோபம் வந்தது. அது எனக்கு எதிர்பார்த்ததுதான். இணையர் எழுந்துபோய்த் தொட்டிக்கு அடியிலிருந்து துணியையும் பாட்டிலையும் எடுத்தார். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு ஒருவர் குட்டி ஒன்றைத் தூக்கிவருவார். அதன் கண்ணைப் பார்த்ததும் உங்கள் மனம் இளகும், இளகட்டும். பெயர் வைக்கும் முன், படம் எடுக்கும் முன், மூத்திரத்தை யார் துடைப்பது என்று கேளுங்கள். பதிலில் பெயர் வரும்வரை குட்டியைக் கையில் வாங்காதீர்கள்.