துலாக்கோல் சொன்ன உண்மை

விழா மலர்களிற் பெருமக்களின் வரலாறு எழுதுவது நம்மவர் வழக்கம். நாடாண்டோர், நூல் யாத்தோர், புதுமை கண்டோர் ஆகியோரைப் பற்றி எழுத எழுதுகோல் தானே விரையும். வாழ்நாளெல்லாம் தராசின் முன் நின்று, பொருள்களை நிறுத்துப் பார்ப்பதையே தவமாகக் கொண்ட ஒருவரைப் பற்றி எழுதப் புகுவார் அரியர். தமிழாசிரியராகிய நாம் இரசாயனவியலிற் கால்வைப்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், நம் கல்லூரி மாணவர்க்கு இன்று இன்றியமையாத பாடமொன்று அத்தகைய ஒருவரின் வாழ்விற் காணப்படுதலால் எழுதத் துணிந்தோம்.

தியடோர் வில்லியம் றிச்சாட்ஸ் என்பார் 1868 ஆம் ஆண்டு அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்தவர். தந்தையார் கடற்காட்சிகளைத் தீட்டுவதிற் பேர்பெற்ற ஓவியர். தாயார் கவிதை புனைந்தவர். இளமையில் தாயாரே வீட்டில் அவருக்கு ஆசிரியராய் அமைந்தார். சிறுவராயிருந்தபோது, ஹாவாட் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியராகிய குக் என்பார் தம் தொலைநோக்கியின் வழியே சனிக்கோளின் வளையத்தை அவருக்குக் காட்டினார். பின்னர் அக்குக் அவர்களிடமே மாணவராய்ச் சேர்ந்து, 1888 இல், தமது இருபதாவது வயதிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒட்சிசன் அணு ஐதரசன் அணுவினும் சரியாக 16 மடங்கு நிறையுடையதோ என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. சரியாக 16 அன்று, அதனிற் சிறிது குறைவு என்று துலாக்கோல் விடை கூறிற்று. அச்சிறு குறைவைப் பொருட்படுத்திய மனமே அவர்தம் பிற்கால வாழ்வு முழுவதையும் நடத்திச் சென்றது.

மூலகம் ஒவ்வொன்றுக்கும் அணுநிறை என ஓர் எண் உண்டு. அதனை அறிந்தாலன்றி இரசாயனக் கணக்கு எதுவும் செம்மையாக நிகழாது. ஓர் அணுவைத் தனியே எடுத்துத் தட்டில் வைத்தல் இயலாதாகையால், மூலகங்கள் ஒன்றோடொன்று எந்த விகிதத்திற் கூடுகின்றன என்பதை நிறுத்தறிந்து கணித்தலே அக்காலத்து முறை. சொல்ல எளிது, செய்ய அரிது. எடுத்த உப்பில் நீர் ஒரு சிறிது தங்கியிருந்தாலும் கணக்குப் பிழைக்கும். கரைசலிலிருந்து வீழ்படிவு இறங்கும்போது அயற்பொருளையும் தன்னுட் சிறைப்படுத்திக் கொள்ளும். கழுவும் நீரிலோ அவ்வீழ்படிவு சிறிது கரைந்தோடும். கண்ணுக்குப் புலப்படாத இக்கள்வர் மூவரையும் பிடிப்பதிலேயே றிச்சாட்ஸ் பல்லாண்டு கழித்தார். உலர்த்திய உப்பினை ஈரக்காற்று தீண்டாவண்ணம் நிறுக்கும் குப்பிக்குள் அடைக்க ஒரு கருவி செய்தார். நீரிற் கரைந்து எஞ்சிய வெள்ளிக் குளோரைட்டின் மிகச் சிறிய அளவை, அது தரும் கலங்கலின் ஒளியைக் கொண்டு மதிப்பிட மற்றொரு கருவி செய்தார்.

அவருக்கு முன் இத்துறையிற் பெரும்புகழ் பெற்றிருந்தவர் பெல்சிய நாட்டு அறிஞர் ஸ்ராஸ். அவருடைய எண்களைத் திருத்தத் துணிந்தாரிலர். வெள்ளியின் அணுநிறை 107.93 என்பது ஸ்ராஸ் வழிவந்த முடிவு. றிச்சாட்ஸும் அவர்தம் மாணவரும் அதனை 107.88 எனக் கண்டனர். இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட எண் 107.87. வேறுபாடு நூற்றில் ஐந்து கூறுதானே, இதற்கோ இத்துணை முயற்சி என்று வினவுவாருமுளர். வெள்ளியை அடிப்படையாகக் கொண்டே வேறு பல மூலகங்களின் நிறைகள் கணிக்கப்பட்டன. அடிக்கல் அசைந்தால் மாடம் முழுவதும் அசையுமன்றோ? இவ்வாறு இருபத்தைந்து மூலகங்களின் அணுநிறைகளை அவர் செம்மை செய்தார். 1914 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு அப்பணிக்காக அவருக்கு அளிக்கப்பட்டது. அத்துறையில் அப்பரிசு பெற்ற முதல் அமெரிக்கர் அவரே.

எனினும், நாம் அவரைப் போற்றுவது பரிசு பற்றியன்று. அதே 1914 ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று பற்றியே. அணுநிறைகள் இயற்கையின் மாறா எண்கள் என்று கருதியே அவர் தம் இளமை முழுவதையும் அவற்றுக்கு ஈந்தார். அந்நாளிற் கதிர்த்தொழிற்பாட்டை ஆராய்ந்த சொடி, பயான்ஸ் முதலியோர், யுரேனியம் சிதைந்து பிறக்கும் ஈயமும் தோரியம் சிதைந்து பிறக்கும் ஈயமும் நிறையால் வேறுபடல் வேண்டும் என்று கூறினர். அஃது உண்மையாயின் ஈயத்துக்கு மாறா நிறை ஒன்று இல்லையென்றாகும். பயான்ஸ் தம் மாணவராகிய லெம்பேட் என்பாரை றிச்சாட்ஸிடம் அனுப்பினார். இருவரும் பல நாட்டுக் கனிப்பொருள்களிலிருந்து ஈயத்தைப் பிரித்துத் தூய்மை செய்து நிறுத்தனர். சாதாரண ஈயம் 207.15 எனக் காட்டிற்று. வட கரோலினாவிற் கிடைத்த யுரேனியக் கனிப்பொருளின் ஈயமோ 206.40 எனக் காட்டிற்று. இரசாயன இயல்பில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. நிறையில் மட்டும் வேறுபாடு.

அவர்கள் நிறுத்தவற்றுள் ஒன்று நம் நாட்டினின்றும் சென்றது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். தோரியமும் யுரேனியமும் அடங்கிய தோரியனைற்று என்னும் கனிப்பொருள் சபரகமுவ மாகாணத்திற் கிடைத்து, 1904 இல் அறிவுலகின் நோக்கைக் கவர்ந்தது. அதனை வெளிக்கொணர்ந்தவர், அந்நாளில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவரும் பின்னாளிற் கலைத்துறையில் உலகப்புகழ் எய்தியவருமாகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களே. அத்தோரியனைற்றின் ஈயம் றிச்சாட்ஸின் தராசில் 206.82 எனக் காட்டிற்று. சில ஆண்டுகளின் பின், இலங்கையிற் கிடைத்த தோரைற்று என்னும் மற்றொரு கனிப்பொருளின் ஈயத்தைச் சொடி பிரித்தெடுத்தார். றிச்சாட்ஸிடம் முன்னர்ப் பயின்ற ஹோனிக்ஸ்மித் என்பார் அதனை நிறுத்து, சாதாரண ஈயத்தினும் கூடிய நிறையினதாய் 207.7 அளவில் நிற்கக் கண்டார். ஒரே மூலகத்துக்கு நிறை வேறுபட்ட வடிவங்கள் உண்டு என்னும் சமதானிக் கொள்கை இவ்வாறு தராசினால் நிலைபெற்றது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. முப்பதாண்டுக் காலம் எதனை மாறாதது என்று தேடினாரோ, அஃது ஈயத்தில் மாறுவதெனத் தம் தராசே சான்று பகர்ந்தபோது அவர் என் செய்தார்? மறைத்தாரில்லை; பழைய எண்ணோடு பொருந்தத் திருத்தினாருமில்லை. கண்டதைக் கண்டவாறே உலகறிய வெளியிட்டார். அணுக்களை வேறுபிரித்து நிறையறியும் பொறிகள் பின்னர்ப் பெருகியமையால் அவர்தம் உழைப்புப் பயனற்றுப் போயிற்று என்று கூறுவர் சிலர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. பிழை மலிந்த தராசுக்காரர் ஒருவர் 206.40 என்று கூறியிருப்பின், அவ்வேறுபாட்டை அவருடைய கைப்பிழை என்று உலகம் தள்ளியிருக்கும். தன் பிழையை அணுவளவாய்க் குறைத்தவன் கூறும்போதே, வேறுபாடு பொருளில் உள்ளது என்று உலகம் நம்பும். 2021 ஆம் ஆண்டிலே ஈயத்தின் அணுநிறையை ஒரே எண்ணாற் கூறும் வழக்கத்தைச் சர்வதேச இரசாயனச் சங்கம் கைவிட்டு, 206.14 முதல் 207.94 வரை என இரு எல்லைகளாற் குறித்தது. 1914 இல் இடப்பட்ட வித்தின் விளைவு அது.

இனி, நம்மைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். இளமையில் நாம் பயின்ற பாடசாலையொன்றிற் சிறிது காலம் விஞ்ஞான வகுப்பில் இருந்தோம். அமிலமும் காரமும் நடுநிலையாகும் அளவைக் காணும் செய்முறை ஒருநாள் நடந்தது. நாமும் நண்பர் ஒருவரும் ஒரே போத்தலிலிருந்து அமிலம் எடுத்தோம். ஏனையோர்க்கெல்லாம் 25 கன சென்ரிமீற்றர் அளவில் வந்தது. எம்மிருவர்க்கும் 22 அளவிலேயே வந்தது. நாம் அயல்மேசையைப் பார்த்து எண்ணை அழித்து 25 என எழுதிப் பாராட்டுப் பெற்றோம். நண்பர் மும்முறை செய்து, மும்முறையும் வந்ததையே எழுதிக் கண்டிக்கப்பட்டார். எம் மேசைப் போத்தலின் அமிலம் வேறு செறிவினது என்பது அடுத்த வாரமே தெரியவந்தது. அவருடைய எண்ணே மெய், எம்முடையது களவு. ஆண்டுகள் பல கழிந்தும் அந்த 25 நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

நாம் கைக்கொண்ட தமிழ்த் தொழிலிலும் நிலை இதுவே. ஏடுகளை ஒப்புநோக்கிய ஆறுமுகநாவலர் அவர்களும், 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் ஓரெழுத்து வேறுபாட்டுக்காக உழைத்த உழைப்பு தராசின் முன் நின்றார் உழைப்பிற் குறைந்ததன்று. தமக்கு வேண்டிய பாடத்தை ஏட்டில் ஏற்றிவிடுதல் எளிது. ஏட்டில் உள்ளதை உள்ளவாறே வாசித்தல் அரிது. சான்றோரின் நடுவுநிலைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியது எத்துணைப் பொருத்தம்!

ஆதலின் ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். செய்முறைப் புத்தகத்தில் நூலோடு பொருந்திய எண்ணுக்குப் புள்ளி வழங்குவதை விடுத்து, மாணவன் மெய்யாகக் கண்ட எண்ணுக்கும், அது வேறுபட்டதேன் என அவன் ஆராய்ந்து கூறும் காரணத்துக்கும் புள்ளி வழங்குங்கள். பொருந்தாத எண்ணைக் கண்டு மாணவன் அஞ்சும் ஆய்வுகூடம் பொய் பயிலும் கூடமாகும். வைத்தியசாலையிற் குருதியை அளக்கப்போகின்றவனும், பாலத்துக்கு இரும்பை அளக்கப்போகின்றவனும், கந்தோரிற் கணக்கெழுதப்போகின்றவனும் இன்று நம் வாங்குகளில் இருக்கின்றார்கள். அவர்கள் எழுதும் எண்ணை நம்பியே நாளை ஊர் உயிர்வாழும்.

பழைய மாணவர்களே! கல்லூரிக்குக் கட்டடம் தந்தீர்கள், கருவிகள் தந்தீர்கள், நன்றியுடையோம். உங்கள் தொழில்களில் நீங்கள் மெய்யெண் எழுதி இன்னலுற்ற வரலாறுகள் இருப்பின், அவற்றையும் வந்து எம் மாணவர்க்குக் கூறுங்கள். நல்ல தராசு விலைக்குக் கிடைக்கும். அதன் முன் அஞ்சாது நிற்கும் நெஞ்சம் அவ்வாறு கிடைப்பதன்று. றிச்சாட்ஸ் 1928 இல் மறைந்தார். அவர் நிறுத்த ஈயமும் அவர் மறையாது எழுதிய எண்ணும் இன்றும் அந்நெஞ்சத்துக்குச் சான்று கூறி நிற்கின்றன.