துளையும் போல்ட்டும் சேராதபோது

பெருநாளுக்கு மூன்று நாள்களே இருந்தன. குடும்பத்துடன் பொள்ளாச்சி செல்லவேண்டிய எங்கள் பழைய மாருதி 800, கரும்புக்கடையில் வீட்டு வாசலில் முன்சக்கரம் ஒன்று கழன்ற நிலையில் நின்றது. மேடுபள்ளங்களில் 'டக் டக்' என்று ஒலி எழுந்ததால், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை நாமே மாற்றிவிடலாம் என்று நானும் என் மைத்துனரும் துணிந்தோம். கழற்றும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மாட்டும் வேலையோ அஸரில் தொடங்கி இஷா வரை நீண்டது. ஆர்மின் துளையும் வண்டியின் அடிச்சட்டத்திலுள்ள துளையும் ஒரு விரற்கடை விலகி நின்று, என்ன செய்தும் சேர மறுத்தன.

மைத்துனர் சுத்தியலை எடுத்தார். நான் துளை நேராகிறதா என்று விரலை விட்டுப் பார்க்கப் போனேன். இவ்விரண்டும் செய்யக்கூடாத காரியங்கள் என்பதைச் சொல்லவே இம்மாதம் இப்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். என் விரல் தப்பியது. போல்ட் தப்பவில்லை, அதன் முதல் மரைகள் நசுங்கிவிட்டன.

தொழுகை முடிந்து அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர், பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடிக்காதீங்க தம்பி. அந்தப் பக்கச் சக்கரம் தரையில நிக்குது பாருங்க. அதையும் தூக்குங்க."

இதன் உட்பொருளைச் சற்று விளக்குகிறேன். மாருதி 800-இன் முன்புறத்தில் இரண்டு லோயர் ஆர்ம்களையும் இணைத்து ஸ்டெபிலைசர் பார் என்னும் வளைந்த கம்பி செல்கிறது. திருப்பங்களில் வண்டி சாயாமல் தடுப்பதோடு, ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் அதன் வேலைதான். ஒரு சக்கரம் தரையில் அழுந்தி, மற்றது அந்தரத்தில் தொங்கினால் அக்கம்பி முறுக்கேறி, கழற்றிய ஆர்மை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த விசையோடு சுத்தியல் மல்லுக்கட்டுவது வீண். இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, கம்பியை வண்டியோடு பிணைக்கும் கிளாம்புகளையும் தளர்த்தினால் பெரும்பாலும் ஆர்ம் தானே தன் இடத்துக்கு வந்துவிடும். மேல்கீழாக இன்னும் விலகியிருந்தால், ஆர்மின் வெளிநுனிக்கு அடியில் சிறிய ஜாக்கி ஒன்றை வைத்து மெல்ல மெல்ல உயர்த்துக. துளைகள் ஏறத்தாழ நேரானதும் நுனி கூம்பிய இரும்புக் கம்பியைச் செலுத்தி நெம்பிச் சரிசெய்து, போல்ட்டைக் கையால் நுழைக்க வேண்டும். பார்ப்பதற்கு டார்ச் விளக்குப் போதும், விரல் வேண்டாம். அழுத்தத்திலிருக்கும் ஆர்ம் சட்டென நகர்ந்தால் துளை கத்தரிபோல் விரலை நறுக்கிவிடும்.

பால் ஜாயிண்ட்டில் வேறொரு சூட்சுமம் உண்டு. அதன் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும். பக்கவாட்டு போல்ட் அப்பள்ளத்தின் வழியாகத்தான் செல்லும். தண்டு நக்கிளுக்குள் முழுதும் ஏறாவிட்டால் போல்ட் பாதியில் நிற்கும். அங்கே தட்டினால் கெடுவது தண்டும் போல்ட்டும்தான்.

அம்பாசிடர் வைத்திருப்போருக்கும் இதே கதைதான், பின்புறத்தில். பட்டை வில் தொங்கும்போது வளைந்து நீளம் குறையும். பாரம் ஏறினால் நிமிர்ந்து நீளும். எனவே ஷேக்கிள் துளை சேரவில்லையென்றால் அச்சைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ பார்ப்பதே வழி.

கோவைக்கு வாகனத்தைப் பிரித்துப் பூட்டும் கலை புதிதன்று. மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதன் இவ்வூர்க்காரர், 1995-இல் வான்விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் பந்தயக் கார்களில் இத்தகைய இணைப்புகளுக்கு உலோகக் குண்டு மூட்டுகளையே பெரிதும் பயன்படுத்துவார்கள்; நம் குடும்ப வண்டியில் இருப்பது ரப்பர். அதனால்தான் அடுத்த செய்தி முக்கியமாகிறது.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றுங்கள். எதையும் உடனே இறுக்காதீர்கள். ஆர்மின் உள்முனை போல்ட்டை, சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, முன்புறத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும், விரைவில் கிழியும். நாங்கள் கழற்றிய பழைய புஷ் அப்படித்தான் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை. ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக் கல்லும் திடீரென நொறுங்கும். சமதளத்தில் இரும்பு ஸ்டாண்டுகளே வேண்டும். பிள்ளைகள் அருகில் விளையாடக் கூடாது. பானட்டைத் திறந்தால் இரு பக்கமும் தெரியும் ஸ்ட்ரட்டின் நடு நட்டை ஒருபோதும் கழற்றாதீர்கள். சுருங்கிய வில் அதன்கீழ் அடைபட்டிருக்கிறது. அது வில் அமுக்கும் கருவி உள்ள பட்டறையின் வேலை.

மறுநாள் உக்கடம் சென்றோம். மாருதி 800-இன் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டாலும் அங்கே பழைய இரும்புக் கடைகளில் அதன் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. கதவுக் கைப்பிடியை அங்கே வாங்கலாம். சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டை வாங்கலாகாது. புதிதாகவே, அதே அளவிலும் தரத்திலும் வாங்கினோம். ஸ்பிளிட் பின்களையும் புதியனவே போட்டு, வீல் அலைன்மெண்ட் பார்த்தபின் பயணம் புறப்பட்டோம்.

பொள்ளாச்சி போய்த் திரும்பியதும் எல்லா நட்டுகளிலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தோம். ஒன்று கால் சுற்று இறங்கியது.