மார்ச்சில் காசு, ஏப்ரலில் பொறுமை: என்.எஃப்.எல். அணிகள் ஆள் சேர்ப்பது எப்படி?

2025 பிப்ரவரி 9. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அன்று அந்த அணியில் இரண்டு பேருக்குப் பிறந்தநாள். ஒருவர் சேக்வான் பார்க்லி, வயது 28. அந்த சீசனின் லீக் ஆட்டங்களில் பந்தோடு ஓடியே 2,005 யார்டு சேர்த்தவர். இன்னொருவர் கூப்பர் டிஜீன், வயது 22. இறுதிப்போட்டியில் எதிரணி வீசிய பந்தை நடுவில் பிடித்து, 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டவர்.

ஒரு வருடத்துக்கு முன்பு இருவருமே ஈகிள்ஸில் இல்லை. பார்க்லி ‘ஃப்ரீ ஏஜென்சி’ வழியாக வந்தார். டிஜீன் ‘டிராஃப்ட்’ வழியாக. இந்த இரண்டு கதவுகளில் எதை எப்போது திறக்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கன் ஃபுட்பாலில் மைதானத்துக்கு வெளியே நடக்கும் பெரிய ஆட்டம்.

முதலில் அடிப்படை

இது மெஸ்ஸி ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும், வீசும் ஆட்டம். என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள். ஒவ்வொரு அணியின் முதன்மைப் பட்டியலிலும் 53 வீரர்கள்.

ஃப்ரீ ஏஜென்சி: ஒப்பந்தம் முடிந்த வீரர், மார்ச் மாதத்தில் தனக்குப் பிடித்த அணியுடன் பேசிச் சேரலாம். 1993-ல் இன்றைய வடிவத்துக்கு வந்த உரிமை இது.

டிராஃப்ட்: கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. ஏப்ரல் கடைசியில் 7 சுற்றுகளாக நடக்கும். போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் சான்ஸ், சாம்பியனுக்குக் கடைசி சான்ஸ். ஐ.பி.எல். ஏலம் மாதிரி யாரும் விலை கேட்க மாட்டார்கள். ஒரு அணி பெயரைச் சொல்லிவிட்டால், அந்த அணியோடு மட்டும்தான் வீரர் பேச முடியும்.

இரண்டுக்கும் மேலே ஒரு கடிவாளம் இருக்கிறது. அதுதான் சாலரி கேப், அதாவது சம்பள உச்சவரம்பு. 2024-ல் ஒரு அணிக்கு 25.54 கோடி டாலர். ஓனர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் கணக்கு இதற்குள் அடங்க வேண்டும்.

புதுமுகம் ஏன் ‘மலிவு’?

2010 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்குக் கிடைத்தது 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான். நடுவில் நடந்தது 2011-ல் லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தம். அதன்படி புதுமுகங்களின் சம்பளம், அவர்கள் தேர்வான வரிசையை வைத்துக் கிட்டத்தட்ட முன்கூட்டியே முடிவாகிவிடும்.

விளைவு? டிராஃப்டில் ஒரு நல்ல ஆள் சிக்கினால், நான்கு வருடத்துக்குச் சந்தை விலையைவிட மிகக் குறைந்த சம்பளத்தில் அவரை வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணம்தான் மார்ச் மாத ஷாப்பிங்குக்கு உதவும். 2023-ல் ஈகிள்ஸ் தன் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுடன் 5 ஆண்டுகளுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஒருவருக்கே இவ்வளவு என்றால், பல இடங்களில் ‘மலிவு’ ஆட்கள் இல்லாமல் கணக்கு இடிக்கும்.

ஈகிள்ஸ் போட்ட கணக்கு

2023 சீசனை 10 வெற்றி, 1 தோல்வி என்று தொடங்கிய ஈகிள்ஸ், கடைசி 6 ஆட்டங்களில் 5-ல் தோற்றது. பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே டாம்பா பேயிடம் 32-9 என்று வீழ்ந்தது. எதிரணி வீசும் பந்தைத் தடுக்க முடியாததுதான் பெரிய ஓட்டை. போதாக்குறைக்கு, அணியின் தூண்களாக இருந்த ஜேசன் கெல்சியும் ஃப்ளெட்சர் காக்ஸும் 2024 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்கள்.

கெல்சி இடத்துக்கு ஈகிள்ஸ் பதறவில்லை. 2022 டிராஃப்டிலேயே கேம் ஜர்கன்ஸை எடுத்து வளர்த்து வைத்திருந்தது. டிராஃப்டின் நிஜமான பயன் இதுதான். இன்றைய ஓட்டையைவிட, இரண்டு வருடம் கழித்து விழப்போகும் ஓட்டைக்கு அது நல்ல மருந்து.

மார்ச்சில் வாங்கியவர்களில் மூன்று பேரைப் பார்ப்போம். ஓடும் வீரரான, அதாவது ரன்னிங் பேக் ஆன, பார்க்லிக்கு 3 ஆண்டுகளுக்கு 3.775 கோடி டாலர். குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் பிரைஸ் ஹஃபுக்கு 3 ஆண்டுகளுக்கு 5.11 கோடி. நியூ ஆர்லியன்ஸ் அணியில் பெரிதாக வாய்ப்புக் கிடைக்காத லைன்பேக்கர் ஸாக் பானுக்கு ஒரே ஒரு ஆண்டு, 35 லட்சம்.

ஏப்ரலில், பந்து வீச்சைத் தடுக்கும் இடங்களுக்கு டிராஃப்டை நம்பியது. 22-வது தேர்வு வரை காத்திருந்து கார்னர்பேக் குயின்யான் மிட்செலை எடுத்தது. அதுவரை அந்த டிராஃப்டில் ஒரு கார்னர்பேக்கைக்கூட யாரும் எடுத்திருக்கவில்லை. அடுத்த சுற்றில், வேறு அணியோடு பேரம் பேசி மேலே நகர்ந்து, 40-வது இடத்தில் டிஜீனைத் தூக்கியது.

ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்பதற்கு விலைப்பட்டியலே பதில். நல்ல கார்னர்பேக்கைச் சந்தையில் வாங்கினால் விலை எகிறும். அதனால் அங்கே டிராஃப்ட் லாபம். ரன்னிங் பேக்குகளுக்குச் சந்தையில் மவுசு குறைவு. அதனால் அங்கே நிரூபித்த ஆளையே வாங்குவது லாபம்.

விலை வேறு, மதிப்பு வேறு

மூவரில் அதிக விலைக்கு வந்த ஹஃப் அந்த லீக் சீசனில் எடுத்தது 2.5 சாக் மட்டுமே. சூப்பர் பவுலில் அவரை ஆடவே வைக்கவில்லை. 35 லட்சம் டாலர் பான்? ஆடும் இடத்தையே மாற்றிக் கொடுத்தார்கள். லீக்கின் சிறந்த வீரர்களைக் கொண்ட ‘ஆல்-புரோ’ முதல் அணியில் இடம்பிடித்தார். இறுதிப்போட்டியில் அவரும் ஒரு பந்தை இடைமறித்தார். எதிரணிகளின் வீச்சைத் தடுப்பதில் திணறிய ஈகிள்ஸ், ஒரே வருடத்தில் மிகக் குறைந்த பாஸிங் யார்டு விட்டுக்கொடுத்த அணியானது.

ஃப்ரீ ஏஜென்சியில் அணிகள் பெரும்பாலும் ஒரு வீரர் ஏற்கெனவே செய்ததற்குத்தான் காசு கொடுக்கின்றன. நம் அணியில் என்ன செய்வார் என்று சரியாகக் கணிப்பவருக்கே லாபம். ஹஃப், பான் இருவரையும் எடுத்தது ஒரே நிர்வாகம்தான் என்பதால், இது யாருக்கும் முழுதாகப் பிடிபடாத வித்தை என்பதும் புரிகிறது.

வீரருக்கு என்ன மிச்சம்?

அணிக்கு ‘மலிவு’ என்பது வீரரின் இளமை. பார்க்லியை 2018 டிராஃப்டில் 2-வது ஆளாக எடுத்தது நியூயார்க் ஜயன்ட்ஸ். நான்கு வருட ஒப்பந்தம். முதல் சுற்றில் வந்தவர் என்பதால் ஐந்தாவது வருடத்தையும் நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருந்தது. ஆறாவது வருடம் ‘ஃப்ராஞ்சைஸ் டேக்’ என்ற விதியை வைத்து அவரைச் சந்தைக்குப் போகவிடாமல் நிறுத்தியது. கடைசியில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அவர் சம்மதித்தார். நடுவில் 2020-ல் முழங்கால் தசைநார் கிழிந்து சீசனையே இழந்தார். முதன்முறையாகச் சுதந்திரமாகச் சந்தைக்கு வந்தபோது வயது 27. ஒவ்வொரு ஓட்டத்திலும் அடி வாங்கும் ரன்னிங் பேக்குக்கு, ‘தேய்ந்துவிட்டாரோ’ என்று அணிகள் யோசிக்கும் வயது அது.

அவரைப் போகவிட்ட ஜயன்ட்ஸ் அந்த சீசனில் 3 ஆட்டங்களில் மட்டும் வென்றது. 14-ல் தோற்றது.

இந்த விதிகளுக்கு வீரர்கள் சங்கமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆனால், ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போடுபவர்கள் ஏற்கெனவே லீக்கில் இருப்பவர்கள். இனிமேல் வரப்போகும் கல்லூரி மாணவருக்கு அதில் குரல் இல்லை.

ஜெயித்த பிறகு?

சாம்பியனுக்கும் இந்தச் சக்கரத்திலிருந்து தப்பில்லை. ஈகிள்ஸ் டிராஃப்டில் எடுத்து வளர்த்த மில்டன் வில்லியம்ஸ், ஜாஷ் ஸ்வெட் இருவரும் சூப்பர் பவுலில் கலக்கினார்கள். அடுத்த மாதமே வில்லியம்ஸ் 10.4 கோடி டாலருக்கு நியூ இங்கிலாந்துக்கும், ஸ்வெட் 7.64 கோடி டாலருக்கு அரிசோனாவுக்கும் போனார்கள். இரண்டுமே நான்காண்டு ஒப்பந்தங்கள். பானை மட்டும் ஈகிள்ஸ் விடவில்லை. முந்தைய ஆண்டு 35 லட்சம் வாங்கியவருக்கு இந்த முறை 3 ஆண்டுகளுக்கு 5.1 கோடி.

விதிப்படி, டிராஃப்டில் வந்த ஒருவர் மூன்று சீசன் முடிக்கும்வரை புது ஒப்பந்தம் பேச முடியாது. டிஜீனுக்கு அந்த நேரம் 2026 சீசனுக்குப் பிறகு வரும். அதுவரை அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ, அவ்வளவு லாபம் ஈகிள்ஸுக்கு. அதன் பிறகு நல்ல விலை கொடுத்து அவரைத் தக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு ஏப்ரலில், இன்னொரு 22 வயதுக்காரரைத் தேட வேண்டும்.