எழுதிக்கொள்ளுங்கள்!

நம் கல்லூரி வகுப்பறைகளில் மிகுதியாக ஒலிக்கும் ஏவல் இதுவே. ஆசிரியர் பழுப்பேறிய குறிப்பேட்டைத் திறந்து சொல்லச் சொல்ல, அறுபது மாணவர் தலை கவிழ்ந்து எழுதுகின்றனர். மணி அடிக்கிறது, பாடம் முடிகிறது. இதற்குப் பெயர் கற்பித்தலாம்! சில இடங்களில் இன்று குறிப்பேட்டுக்குப் பதில் ஒளித்திரை வந்துவிட்டது; ஏவல் மட்டும் மாறவில்லை.

பள்ளியில் கற்பிக்க விரும்பும் பட்டதாரி பி.எட். பயின்றாக வேண்டும். கல்லூரிக்குள் நுழைபவருக்கோ முதுகலையோடு நெட், செட் தேர்வோ முனைவர் பட்டமோ போதும். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் பற்றியும் வினாக்கள் உண்டே எனலாம். நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுப்பவர் வகுப்பில் நிற்கக் கற்றவர் ஆகிவிடுவாரா? ஆகாத ஆசிரியருக்குக் கழற்காய் பெய்த குடத்தை உவமை காட்டினார் நன்னூலார். இட்ட முறையில் அது திரும்பக் கொட்டாது. நம்மவரோ இட்ட முறை இம்மியும் பிசகாமல் ஆண்டுதோறும் கொட்டுகிறார்கள். அதற்கு எந்தக் குடத்தைச் சொல்வது?

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் தம் மாணவர்கள், நியூட்டன் விதிகளைப் பற்றிய எளிய வினாக்களில் இடறக் கண்டார். 1991 முதல் விரிவுரையை இடையிடையே நிறுத்தி ஒரு வினா விடுத்தார். மாணவர் தனியே விடை தேர்ந்து, அருகிருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடை கூறினர். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒருசேர நோக்கி 2014இல் வெளிவந்த கட்டுரை, விரிவுரை மட்டும் கேட்டவருள் ஏறத்தாழ 34 விழுக்காட்டினரும், பங்கேற்றுக் கற்றவருள் 22 விழுக்காட்டினரும் தோல்வியுற்றதாகக் காட்டியது.

“பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா?” என்பார்கள். யாருக்கு முடிகிறது? வசதியுள்ளவன் விளங்காததைத் தனிப்பயிற்சியில் கேட்டுக்கொள்வான். தமிழ்வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாகும் கனவோடு கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவளுக்கு இந்த வகுப்பை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அவளுடைய மௌனத்தை மந்தம் என்று எண்ணிக் கடந்துபோவது கொடுமை.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். வினாவைக் கேட்டபின் மூன்று வினாடியேனும் வாய் மூடி நில்லுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், இன்று விளங்காதது எது என்று பெயரில்லாத துண்டுத்தாளில், தமிழிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பை அந்தத் தாள்களிலிருந்து தொடங்குங்கள்.