மொழி தெரிந்த ஆசிரியர் தேவை

நடக்க இயலாத குழந்தை வகுப்புக்குள் வர வேண்டுமானால் படிக்கட்டின் பக்கத்தில் சாய்தளம் வேண்டும் என்பதை இப்போது எவரும் மறுப்பதில்லை. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பலவற்றில் அது அமைந்தும் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மொழி என்ற இன்னொரு படிக்கட்டும் குறுக்கே நிற்கிறது. அதற்குச் சாய்தளம் போடுவதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

இக்குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் மற்றவர்களோடு சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்பது புதிய கொள்கை அல்ல. மத்திய அரசு அதற்கான திட்டத்தை 1974-லேயே தொடங்கிவிட்டது. 1994-ல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகளும் இதையே ஏற்றனர். அப்படியிருந்தும், உலகில் சுமார் 24 கோடிக் குழந்தைகள் ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் வாழ்வதாகவும், அவர்கள் பள்ளி வாசலையே மிதிக்காமல் போகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 49 சதவீதம் அதிகம் என்றும் யூனிசெஃப் 2021-ல் கணக்கிட்டது.

கேரளத்தின் நிலை எவ்வளவோ மேல் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகச் செல்கிறார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே பாடம் நடக்கிறது. வகுப்புத் தோழர்கள் அந்த வீட்டுக்கே போய் ஆடிப் பாடி வரும் 'சங்ஙாதிக் கூட்டம்' என்ற ஏற்பாடு பிற மாநிலங்கள் பார்த்துக் கற்க வேண்டிய ஒன்று. உள்ளாட்சிகள் நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளும் உண்டு. மூணாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக 'டேர்' என்ற சிறப்புப் பள்ளி 1991-ல் தொடங்கப்பட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. லயத்தில் பிறந்து ஐந்து வயது வரை தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையைச் சோதிப்பவர் மலையாளத்தில் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? குழந்தை விழிக்கும். அறிவு வளர்ச்சி போதவில்லை என்று எழுதிவிடுவது எளிது. இதற்கு நேர் எதிரான தவறும் நேரலாம். உண்மையிலேயே காது மந்தமாக உள்ள குழந்தையை, 'மொழி தெரியவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்' என்று ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். முதல் தவறு ஒரு குழந்தைக்கு இல்லாத குறையைச் சூட்டுகிறது. இரண்டாவது, இருக்கும் குறையை மூடி மறைத்துச் சிகிச்சைக்குரிய காலத்தைப் பாழாக்குகிறது.

பேச்சுப் பயிற்சியும் அப்படித்தான். பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தருவதைத் தாய் நாள்தோறும் வீட்டில் தொடர்ந்தால்தான் பயன் உண்டு. கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய்க்குப் புரியாத மொழியில் சொல்லப்பட்ட பயிற்சி, அந்த ஒரு மணி நேரத்தோடு முடிந்துபோகும். (பார்வையற்றோரின் பிரெய்ல் எழுத்தில் இந்திய மொழிகளுக்குப் பொதுவான முறை 1951 முதல் உண்டு, 'க'வுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே புள்ளிகள்தான். விரலுக்கு வந்த ஒற்றுமை காதுக்கு வரவில்லை!) அட்டப்பாடியின் இருளர், இடமலைக்குடியின் முதுவர் குழந்தைகளின் பாடு இன்னும் கடினம்.

சட்டத்தில் குறை இல்லை. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் கூறுகிறது. மாற்றுத்திறன் குழந்தைகள் அதில் விலக்கப்படவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்குத் தரவும் வழி செய்கிறது. இது எத்தனை தோட்டத் தொழிலாளர்களுக்குத் தெரியும்? தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கும் மேல் வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-ல் கூறிய உச்ச நீதிமன்றம், பணியிடங்களை நிர்ணயித்து அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

கேரள அரசு தமிழ் வழிப் பாடநூல்களை அச்சிடுகிறது. தமிழ் வழி ஆசிரியர்களுக்கெனத் தனியே தேர்வாணைய அறிவிப்பும் வருகிறது. எல்லைத் தாலுகாக்களின் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் இடங்களுக்கும் தமிழறிவு நிபந்தனையாக்கப்பட வேண்டும். சோதனைத் தாள்களும் பெற்றோருக்கான குறிப்புகளும் தமிழில் தரப்பட வேண்டும். மருத்துவக் குழுவின் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கும் பெற்றோரிடம் தமிழில் பேச அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.

பெற்றோரும் குழந்தையை வீட்டுக்குள் ஒளித்து வைக்கலாகாது. ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் சித்தூரிலும் உண்டு, மூணாறிலும் உண்டு. தோட்டங்களின் தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டால் எந்த லயத்தில் எந்தக் குழந்தை பள்ளி போகாமல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன், இந்த நான்கு தாலுகாக்களில் இத்தகைய தமிழ்க் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுக்குத் தமிழ் தெரிந்த சிறப்பாசிரியர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களைக் கல்வித் துறை வெளியிடட்டும்.